வயித்துப் புண்ணுக்கு மாத்திரை கோர்ஸ்

மச்சான்,

கோயம்புத்தூர்ல குளிர் எப்டி கீது? பாப்பாவுக்கு பரிச்சை முடிஞ்சிடுச்சா? இங்க தண்டையார்பேட்டைல எல்லாரும் நல்லா இருக்கோம், உன் தங்கச்சியும் இப்போ நல்லா சாப்டுறா.

நீ போன்ல ராத்திரி ஆனா மேல்வயிறு எரியுது, மெடிக்கல்ல பான்டப்ரசோல்னு ஆசிட் கொறைக்கிற மாத்திரை வாங்கி போட்டுக்கினு இருக்கேன்னு சொன்னல்ல, அதுக்குதான்டா எழுதுறேன். உன் தங்கச்சிக்கும் இதேதான் இருந்துச்சு, எல்லாரும் காரத்த கொற டென்ஷன கொறன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. கடைசில ஸ்டான்லி ஆஸ்பத்திரில வாய் வழியா கேமரா டியூப் வுட்டு பாக்குற எண்டோஸ்கோபி பண்ணாங்க, புண்ணு இருந்துச்சு, அங்கயே துளி சதைய எடுத்து மஞ்சளா ஒரு ஜெல்லுல வச்சாங்க, அது ரோஸ் கலர் ஆயிடுச்சு, அப்டி ஆனா கிருமி இருக்குன்னு அர்த்தம். ஹெலிகோபாக்டர் பைலோரின்னு ஒரு கிருமியாம். அது யூரியாவ உடைச்சு அம்மோனியா விடுது, அத தன்ன சுத்தி வச்சிக்கினுதான் அவ்ளோ ஆசிட்லயும் சாகாம வயித்து சளிப்படலத்துக்குள்ள குடியிருக்குது. ஆஸ்திரேலியாவுல பெர்த்ல வாரன், மார்ஷல்னு ரெண்டு டாக்டருங்க கண்டுபிடிச்சது, யாரும் நம்பலன்னு மார்ஷல் 1984ல அந்த கிருமிய தானே குடிச்சி வயித்த கெடுத்துக்கினாரு, 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் குடுத்தாங்க. அந்த மனுஷன நெனச்சா எனக்கு இன்னும் ஆச்சரியமா கீதுடா.

மாத்திரை ஒண்ணு பத்தாது. ஆசிட் கொறைக்கிற மாத்திரை, கூட அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின்னு ரெண்டு ஆன்டிபயாட்டிக், காலையும் ராத்திரியும் 14 நாள். ஒரே ஒரு ஆன்டிபயாட்டிக்னா அதுக்கு அடங்காத கிருமி தப்பிச்சு பெருகிடும், ரெண்டா குடுத்தா ஒண்ணுல தப்புனது இன்னொண்ணுல மாட்டும். ஆசிட் கொறஞ்சாதான் அந்த ஆன்டிபயாட்டிக்கும் உள்ள ஒழுங்கா வேல செய்யும், அதான் அதுவும் சேத்து. அவளுக்கு வாயெல்லாம் கசப்பு, பேதி வேற, எரிச்சல் போயிடுச்சே நிறுத்திடுறேன்னா, நான் விடல, பாதில வுட்டா மிச்சம் இருக்கிறது மருந்துக்கு பழகிடும், அப்றம் அதே மருந்து கேக்காது.

உனக்கு இன்னொரு விஷயம் இருக்குடா, ஸ்கூல் படிக்கும்போது பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு வாங்குச்சே, அத டாக்டர்ட்ட மொதல்லயே சொல்லிடு, அமாக்சிசிலினும் அந்த குடும்பம்தான். அது ஆவாதவங்களுக்கு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூட ஆசிட் மாத்திரைன்னு நாலு சேத்து தராங்க. பிஸ்மத் போட்டா வெளிக்கி கருப்பா போவும், பயந்துடாத. ஆனா இப்போ மருந்தே இல்லாம கருப்பா தார் மாதிரி போச்சுன்னா அது ரத்தம், அன்னிக்கே ஆஸ்பத்திரி ஓடு. மெட்ரோனிடசோல் போடுறப்ப சரக்கு கூடவே கூடாது, முடிச்சு மூணு நாள் வரைக்கும்.

மூட்டு வலிக்கு போடுறியே டைக்ளோஃபெனாக், அதுவும் புண்ண உண்டாக்கும், அதையும் சொல்லு. பான்டப்ரசோல் போட்டுக்கினு டெஸ்ட் எடுத்தா கிருமி இருந்தும் இல்லன்னு காட்டலாம், டாக்டர கேட்டு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தணும். கோர்ஸ் முடிச்சு நாலு வாரம் கழிச்சு மூச்சு டெஸ்டோ மல டெஸ்டோ எடுத்து கிருமி போச்சான்னு பாக்கணும், நெறைய பேர் அத விட்டுடுறாங்க. இவளுக்கு நெகட்டிவ்னு வந்தப்புறம்தான் எனக்கு நிம்மதியா தூக்கம் வந்துச்சு.

இந்த வாரமே ஒரு கேஸ்ட்ரோ டாக்டர, அதான் வயித்து டாக்டர, பாருடா, சீட்ட போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பு. பொங்கலுக்கு குடும்பத்தோட வா, காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

உன் மச்சான்