பஜ்ஜிக்கடை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

நேற்று ராத்திரி இந்தப் பருவத்தின் கடைசி ஆமைக் குஞ்சுகளும் கடலுக்குள் போய்விட்டன. சென்னை பெசன்ட் நகர் கரையில் 2025 ஜனவரியில் செத்து ஒதுங்கிய ஆமைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும். மனசு நிறைந்திருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும்.

முட்டையிட வரும் ஆமைகளுக்காகக் கரையோரக் கடைகளில் விளக்கணைக்கச் சொல்லி நாங்கள் கொடுத்த நோட்டீஸில் எல்லாமே இருந்தது. பங்குனி ஆமை ஒரு குழியில் சுமார் 100 முட்டை இடும், குஞ்சு பொரிய 45 நாளுக்கு மேல் ஆகும், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது மிக அதிகப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது என்று அத்தனையும். வாங்கிப் பார்த்தார்கள், நகர்ந்தார்கள். கரையோர வெளிச்சம் குறையவில்லை.

அப்போதுதான் அக்கா கடையைக் கவனித்தோம். யாரும் கேட்காமலே, தன் பல்பின் கடல் பக்கத்தைப் பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து மறைத்திருந்தார். பாதிக் கடை இருட்டில். வியாபாரம் என்னாவது? "ஏன்க்கா லைட் இல்ல?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், ஜல்லிக்கரண்டியில் எண்ணெயை வடித்தபடியே பதில் சொன்னார்:

"பத்துப் பதினஞ்சு வருஷம் எந்தெந்தக் கடல்லயோ வளர்ந்துட்டு, முட்டை வைக்கப் பொறந்த கரையத் தேடி வருதுப்பா. தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வர்ற பொண்ணு. வாசல்ல நின்னு மூஞ்சில லைட் அடிச்சா உள்ள வருவாளா?"

கேட்டுக்கொண்டு நின்ற பையன்கள் செல்போன் டார்ச்சை அணைத்தார்கள். ஒரு குட்டிப்பெண் அந்த ஆமையின் பேர் என்ன என்று கேட்டாள். "மங்கா" என்றார் அக்கா, ஒரு நொடி யோசிக்காமல். மறுநாள் அவளே அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து, "மங்கா வந்துச்சா?" என்று நின்றாள். கதை வளர்ந்தது. மங்காவின் பிள்ளைகள் வெளிச்சமான பக்கம் பார்த்துத்தான் நடக்கும், கடல்மேல் தெரியும் வெளுப்பை விட்டுவிட்டு நம் தெருவிளக்கை நம்பி ரோட்டுக்குப் போய்விடும் என்பதையும் அக்காதான் சொன்னார். பக்கத்துச் சோளக்கடையில் அட்டை ஏறியது, அப்புறம் அதற்கடுத்த கடையில். நாங்கள் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

அட்டவணையும் சட்டமும் தேவைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேர் வைத்த ஒன்றுக்காகத்தான் மனுஷர்கள் தன் சௌகரியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று இந்தப் பருவத்தில் கண்ணால் பார்த்தோம்.

வலையில் மாட்டியதை அறுத்துவிட்ட குப்பத்து அண்ணன்மார், தடம் பார்த்ததும் ஆளனுப்பிய பாட்டிகள், பொரிப்பகத்தில் கண்விழித்த வனத்துறை ஊழியர்கள், கம்பத்து விளக்குகளை நேரத்துக்கு அணைத்துத் தந்த மாநகராட்சி ஊழியர்கள், 1988 முதல் இந்தக் கரையில் ராத்திரி நடந்துவரும் மாணவர் கடலாமை பாதுகாப்பு அமைப்பின் நண்பர்கள், எங்களோடு நடந்த பிள்ளைகள், அவர்களை நம்பி அனுப்பிய பெற்றோர் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

அக்கா, அடுத்த பருவத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் காசில் கடைகளுக்கெல்லாம் நல்ல மறைப்பு வாங்கித் தருகிறோம். தை பிறந்ததும் சாயங்காலம் உங்கள் கடைப்பக்கம் வந்து உட்காருவோம். மங்கா கதையை எங்களுக்கும் முழுசாகச் சொல்லிக்கொடுங்கள். குப்பத்துப் பிள்ளைகளோடு நீலாங்கரை வரைக்கும் கடை கடையாகக் கொண்டுபோகிறோம்.