கறுப்பு ஒட்டினால் கார் குளிராது

ஆசிரியர் அவர்களுக்கு,

கத்திரி வெயில் தொடங்கினால் போதும், கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கார்களை மடக்கி அபராதம் போட்டார்கள், ரோட்டோரத்திலேயே உரித்தார்கள் என்று படத்தோடு செய்தி வந்துவிடும். உரிப்பது சரிதான். ஆனால் வெயிலுக்கு என்னதான் ஒட்டலாம் என்று யாரும் எழுதுவதில்லை. காட்பாடி ஸ்டேஷனிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வாடகைக் கார் ஓட்டுகிறேன். இந்த விஷயத்தில் காசை விட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கடையில் 2,500 ரூபாய்க்கு நாலு கதவுக்கும் பின் கண்ணாடிக்கும் நல்ல கறுப்பாக ஒட்டினேன். கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்று நானாகவே நினைத்துக்கொண்டதுதான். மே மாத மத்தியானம், கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கையைக் கண்ணாடியில் சாய்த்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டு "கொரொம், கொரொம்" என்றார். தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. சாயம் போட்ட மலிவு ஃபிலிம் வெயிலைப் பெரும்பாலும் தானே குடித்துக்கொள்கிறது, கண்ணாடி காய்கிறது, அந்தச் சூட்டில் ஒரு பங்கை உள்ளேயே விடுகிறது. கண் கூசவில்லை என்பதைத் தவிர பெரிய லாபமில்லை. ஒரு வருஷத்தில் கறுப்பு கத்திரிப்பூ நிறமாகிக் கொப்புளம் கிளம்பியது, 500 ரூபாய் அபராதமும் கட்டினேன். அப்புறம் உரிக்கும்போது பிளேடு பட்டு, பின் கண்ணாடியில் பனி போக்கும் மெல்லிய கோடுகள் இருக்குமே, அதில் இரண்டு அறுந்து போனது தனிக் கதை.

வெயிலின் சூட்டில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் வருகிறது. அதைத் தடுக்கக் கண்ணாடி கறுப்பாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. செராமிக் ஃபிலிம் என்கிறார்களே, அது பார்க்கக் கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்தக் கதிரை நன்றாகப் பிடிக்கும். விலைதான் கையைக் கடிக்கும். உலோகப் பூச்சுள்ளதும் சூட்டைத் தடுக்கும், ஆனால் அதை முன் கண்ணாடியில் ஒட்டிய எங்கள் ஸ்டாண்ட் நண்பர் வாலாஜா டோல்கேட்டில் ஃபாஸ்டேக் படிக்காமல் பின்னால் ஹாரன் அடி வாங்கியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம்.

கடையில் ஒரு சிவப்பு விளக்கைப் போட்டு, ஃபிலிமுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்லி, "பாருங்க சார், 99 சதவீதம் சூடு தடுக்குது" என்பார்கள். ஏமாறாதீர்கள். அந்த விளக்கு தருவது பெரும்பாலும் அகச்சிவப்புதான், வெயில் அப்படியில்லை. மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கும் என்று கேளுங்கள், டிஎஸ்இஆர் என்று அட்டையில் போட்டிருக்கும். வெளிச்சம் விடும் நல்ல ஃபிலிமிலேயே அது பாதிக்கு அக்கம்பக்கம்தான் வரும். அந்த எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிற கடைக்காரரிடம் நான் ஒட்டுவதில்லை.

சட்டம் என்னவென்றால், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதிப்படி முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எந்த ஃபிலிமும் கூடாது என்றது, இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு கிடைக்கலாம். (பெரிய வண்டிகளில் கட்சிக்கொடியோடு போகிற அத்தனை பேரும் இசட் பிளஸ் போலிருக்கிறது.) அப்புறம் 2021 ஏப்ரலில் விதி திருத்தப்பட்டது, அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், தரச்சான்றுக்கு உட்பட்டு இந்த 70, 50 அளவு காக்கப்பட்டால் ஃபிலிமுக்கு அபராதம் போடக்கூடாது என்று சொல்லிவிட்டது. இங்கே அது எப்படி என்று கேட்டால் ஒவ்வொரு செக்கிங்கிலும் ஒவ்வொரு பதில்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கம்பெனிக் கண்ணாடியே வெளிச்சத்தை முழுசாக விடாது. 80 சதவீதம் விடும் கண்ணாடியில் 60 சதவீத ஃபிலிம் ஒட்டினால் மிச்சம் 48தான், 60 போட்டது சட்டத்துக்குள் என்று நினைத்தவர் மாட்டிக்கொள்வார். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மீட்டர் வைத்துத்தான் பார்க்கவேண்டும். என்னை நிறுத்திய எவரிடமும் அந்த மீட்டரைப் பார்த்ததில்லை.

போக்குவரத்துத் துறை இதைத் தமிழில் ஒரு பக்க அறிவிப்பாகப் போடட்டும், செக்கிங் செய்பவர்களுக்கு மீட்டர் கொடுக்கட்டும். மீறினால் தாராளமாக அபராதம் போடட்டும்.

இப்போது கதவுகளுக்கு மட்டும் வெளிச்சம் விடும் செராமிக் ஒட்டியிருக்கிறேன். முன் கண்ணாடியில் ஒன்றுமில்லை, நிறுத்தும்போது வெள்ளித்தாள் மறைப்பு, கிளம்பும்போது ஜன்னலை இறக்கி ஒரு நிமிஷம் சூட்டை வெளியே விட்டுவிட்டு அப்புறம் ஏசி. ஃபிலிம் பில்லையும் அட்டையையும் டாஷ்போர்டிலேயே வைத்திருக்கிறேன், நிறுத்துகிறவர் அதைப் படிப்பாரா என்பது அவரவர் மனசு.

இப்படிக்கு,
ஒரு வாடகைக் கார் ஓட்டுநர்,
காட்பாடி