வேஷ டப்பாவில் என்ன இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

குலசேகரன்பட்டினம் தசரா நெருங்குகிறது. எங்கள் ஊர்க் கடைகளில் சடை, கிரீடத்தோடு முகத்தில் பூசும் வண்ணமும் வந்து இறங்கிவிட்டது. காளி வேஷத்துக்காக என் தம்பி வாங்கி வந்த நீல டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு புலிமுகப் படம், விலை, 'நான்-டாக்சிக்' (நச்சில்லாதது) என்று ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். யார் தயாரித்தது, எதைக் கலந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும். நிறத்துக்காக ஈயமோ ஆர்செனிக்கோ சேர்க்கத் தடையும் உண்டு. (அந்தக் காலத்துக் கூத்துக்காரர்கள் பூசிய அரிதாரமே ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்ததுதான், அது வேறு கதை.) கடைக்காரரோ போஸ்டர் கலரையும் இதையும் ஒரே தட்டில் அடுக்கியிருக்கிறார். அதிலும் அதே 'நான்-டாக்சிக்'! தாளில் தீட்டுவதற்குச் சொன்னது தோலுக்கும் பொருந்துமா?

போன வருடம் தம்பிக்குக் கண்ணோரம் சிவந்து தடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் நிறம் போக இரண்டு நாள் ஆனது. வேஷம் கட்டியவர்கள் வெயிலில் வீடு வீடாகப் போய்த் தருமம் எடுப்பார்கள். வியர்வையோடு சாயம் கண்ணுக்குள் வழியத்தான் செய்யும். சின்னப் பிள்ளைகளும் இதில் உண்டு. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கொடியேற்றத்துக்கு முன்பே இந்தக் கடைகளில் மாதிரி எடுத்துப் பார்க்கலாமே?

- ஒரு வாசகி, திருச்செந்தூர்