பரணில் பொடியும் துக்ளக்

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்திரிகையாளர் சோ ராமசாமி மறைந்தது 2016 டிசம்பர் 7-இல். நினைவு நாளில் படத்துக்கு மாலை போடுகிறோம். 1970 பொங்கலில் அவர் தொடங்கிய துக்ளக் பத்திரிகையின் பழைய இதழ்களோ ராயபுரம், தண்டையார்பேட்டை வீட்டுப் பரண்களில் பொடிந்துகொண்டிருக்கின்றன. அவருடைய கேள்வி-பதில்களை வரிசையாகப் படித்தால்தான் அந்தத் துணிச்சலும் பிடிவாதமும் புரியும்.

கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பது ஸ்டேப்ளர் பின்தான். கறை பரவி, மடிப்பிலேயே தாள் கிழிகிறது. மழுங்கிய கத்தியால் பின்னை நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தையுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். பசை மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். லேமினேஷனும் கூடாது. இதழ்களைப் படுக்கவைத்தே அடுக்குங்கள். ஸ்கேன் செய்பவர்கள் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) குறையாமல், அட்டைப்படத்தையும் விளம்பரங்களையும் விடாமல் எடுக்க வேண்டும்.

– வாசகர், ராயபுரம், சென்னை-13