கேட்டரிங் படிப்பு: மே மாதம் விசாரித்தால் தாமதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 முடிவு வரும் வாரத்தில் நாளிதழ்கள் வெளியிடும் உயர்கல்வி வழிகாட்டிகளில் ஓட்டல் மேனேஜ்மென்டுக்கு நாலு வரி ஒதுக்குவது வழக்கம். அந்த நாலு வரியும் காலம் கடந்துதான் வருகிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஐ.எச்.எம். என்னும் ஓட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரிகளில் சேர என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் தொடங்கி, பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சுக்குள் முடிந்துவிடும். பிளஸ் 2 தேர்வு எழுதவிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். எந்தப் பாடப்பிரிவானாலும் சரி, ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் போதும். சில ஆண்டுகளாகக் காலியிடங்களுக்குக் கல்லூரிகளே நேரடியாகச் சேர்க்கை நடத்துகின்றன என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே இந்த அறிவிப்பைக் கார்த்திகை, மார்கழியிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இந்தத் தேர்வில் கணக்கு, தர்க்கம், பொது அறிவு, ஆங்கிலம், சேவைத்துறை மனப்பாங்கு ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். ஆங்கிலத்துக்குப் பங்கு அதிகம். தமிழ்வழி மாணவர்கள் சறுக்குவது அங்கேதான். மற்ற பகுதிகளின் வினாத்தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்படுகிறது. நீட், ஜே.இ.இ. மெயின், கியூட் தேர்வுகளைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடத்தும் அதே தேசியத் தேர்வு முகமைதான் இதையும் நடத்துகிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியவில்லை என்று நம் எம்.பி.க்கள் யாராவது கேட்கலாம்.

தேர்வில் தேறியவர்களுக்குத் தமிழ்நாட்டில் சென்னை தரமணியில் மத்திய அரசின் ஐ.எச்.எம். உண்டு, திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் உண்டு. படிப்பு மூன்றாண்டு பி.எஸ்சி. அதே வளாகங்களில் சமையல், பேக்கரி போன்றவற்றுக்குத் தனித்தனியாகக் குறுகிய காலப் படிப்புகளும் நடக்கின்றன. பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் இவற்றையும் ஐ.டி.ஐ.யின் ஓராண்டு உணவுத் தயாரிப்புப் பிரிவையும் விசாரிக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களை அவர்களுக்கான மாநில அரசு நிறுவனமான தாட்கோ தன் செலவிலேயே தரமணியில் படிக்க வைக்கிறது. இதைக் கேள்விப்படாமலே கடன் வாங்கித் தனியாரிடம் சேர்ந்த குடும்பங்கள் பல.

கலை அறிவியல் கல்லூரிகளில் கேட்டரிங் சயின்ஸ் பட்டம், நான்காண்டு ஓட்டல் மேனேஜ்மென்ட் பட்டமான பி.எச்.எம்.சி.டி., தனியார் டிப்ளமோ என்று மற்ற வழிகளும் இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, கையில் கிடைக்கும் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்பதைத்தான். "இன்டர்நேஷனல் டிப்ளமோ" என்று மட்டும் பதில் வந்தால் வெளியே வந்துவிடலாம். அது பட்டமாகாது, பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் அரசுத் தேர்வுகளுக்குச் செல்லாது. இந்தப் படிப்புக்குக் கல்விக் கடன் தருவீர்களா என்று வங்கி மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டாலும் விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்து, சமையல்கூடத்தைப் பார்க்க வேண்டும். அட்மிஷன் நாளில் பார்த்துப் பயனில்லை, அன்றைக்கு எல்லாம் பளபளக்கும். வகுப்பு நடக்கும் ஒரு வேலைநாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள். அடுப்பு சுட்டுக்கொண்டிருக்கிறதா, மாணவர்களின் ஏப்ரனில் கறை இருக்கிறதா என்று கவனியுங்கள். இன்டென்ட் ரிஜிஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு செய்முறை வகுப்புக்கும் ஸ்டோரிலிருந்து என்னென்ன, எவ்வளவு எடுத்தார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும். கோழியை எட்டுத் துண்டாக வெட்டும் பாடத்துக்கு 30 பேர் வகுப்பில் இரண்டே கோழி எடுத்திருந்தால், ஆசிரியர் வெட்ட மாணவர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்று அர்த்தம். வேடிக்கை பார்த்து இந்த வேலை வராது. முட்டை மஞ்சள் கருவும் வெண்ணெயும் சேர்த்து அடிக்கும் ஹாலண்டேஸ் சாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கொதிநீருக்கு மேல் கிண்ணத்தை வைத்து முட்டை மஞ்சள் கருவை அடிக்கும்போது சூடு ஏறினால் கரு பொரிந்து கட்டியாகிவிடும். உருக்கிய வெண்ணெயை அவசரமாக ஊற்றினால் திரிந்து எண்ணெய் தனியே பிரியும். திரிந்ததை வேறொரு மஞ்சள் கருவும் ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான நீரும் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்து மீட்கலாம். ஒருமுறையாவது தன் கையால் திரிய விட்டவனுக்குத்தான் அந்தப் பக்குவம் பிடிபடும்.

ஓட்டல் பயிற்சியிலும் இதே கதைதான். கிச்சன், சர்வீஸ், ஃபிரன்ட் ஆபீஸ் (வரவேற்பு), ஹவுஸ்கீப்பிங் (அறைப் பராமரிப்பு) ஆகிய நான்கிலும் சுழற்சி முறையில் வேலை தர வேண்டும். ஆனால் கல்யாண சீசனில் ஆள் பற்றாக்குறை என்று விருந்து நடக்கும் பேங்க்வெட் ஹாலில் தட்டு தூக்குவதிலேயே முழுக் காலத்தையும் கழிக்க விடும் ஓட்டல்கள் உண்டு. செய்த வேலையைப் பதியும் லாக் புத்தகத்தை அன்றன்றே எழுதி, ஒவ்வொரு துறையை விட்டு மாறும்போதும் அந்தத் துறைத் தலைவரின் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். கடைசி வாரத்தில் மொத்தமாக நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு ஓட்டலுக்கு மாறியிருப்பார். ஹவுஸ்கீப்பிங் என்றால் முகம் சுளிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: செஃப் ஆகத்தான் எல்லாரும் போட்டி போடுகிறார்கள், மேற்பார்வையாளர் இடம் ஹவுஸ்கீப்பிங்கில் சீக்கிரம் கிடைக்கும்.

கூடுதலாக ஒரு சான்றிதழ் வேண்டுமென்றால் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்டாக் (FoSTaC) என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சியைச் சொல்வேன். உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் இப்பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பதால் சின்ன ஓட்டல்களும் இதைக் கேட்கின்றன. செலவும் குறைவு.

கப்பல் வேலை ஆசை காட்டிப் பணம் பறிப்பது தனிப் பக்கத்துக்கான செய்தி. பெரும்பாலான சொகுசுக் கப்பல்கள் முதலில் நிலத்தில் ஓரிரு ஆண்டு நட்சத்திர ஓட்டல் அனுபவம் கேட்கும். தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவி உள்ளிட்ட குறுகிய எஸ்.டி.சி.டபிள்யூ. (கப்பல் பணியாளர்களுக்கான சர்வதேசத் தரம்) பயிற்சிகளும், கடற்பணியாளர் அடையாளப் புத்தகமான சி.டி.சி.யும் வேண்டும். ஆள் அனுப்பும் ஏஜென்டிடம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். அந்த எண்ணை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இந்தியா ஏற்றுக்கொண்ட 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி மருத்துவச் சான்று, சி.டி.சி., பாஸ்போர்ட் செலவு மட்டுமே பணியாளருடையது. விசா செலவு கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்தது. வேலை வாங்கித் தரக் கட்டணம் என்று யார் கேட்டாலும், அது லட்சமானாலும் ஆயிரமானாலும், சட்டப்படி கேட்கக்கூடாத பணம்.

இப்படிக்கு,
கேட்டரிங் கல்லூரி விரிவுரையாளர்,
திருச்சி