தன்னார்வ விமானிகளும் தாழ்ந்த மேகமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொலைதூர ஊர்களிலிருந்து நோயாளிகளைக் கட்டணமின்றி நகரத்து மருத்துவமனைகளுக்கு அழைத்துச் செல்லும் தன்னார்வ விமானிகளின் தொண்டு போற்றத்தக்கது. நாள் முழுதும் சாலையில் அலைக்கழிய வேண்டிய உடம்புக்கு அது பெரும் ஆறுதல். ஆயினும், 2017 ஜூனில் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியரில் இத்தகைய பயணத்துக்காகப் புறப்பட்ட சிறு விமானம், தாழ்ந்த மேகத்தில் சிக்கி, ஏறக்குறைய ஒரு நிமிடத்திலேயே தரையில் மோதியதில் மூவர் உயிரிழந்ததை மறக்கலாகாது. அந்த விமானியிடம் கருவிகளை மட்டுமே நம்பிப் பறப்பதற்கான தகுதிச் சான்று இல்லை. அடிவானம் மறைந்ததும், உடலின் சமநிலையை உணர்த்தும் உள்காது ஏமாற்றும். விமானம் சரிந்துகொண்டிருக்க, நேராகப் போவதாகவே விமானிக்குத் தோன்றும்.

2019-இல் அந்நாட்டு விமானப் பாதுகாப்பு ஆணையம் இச்சேவைக்கெனக் குறைந்தபட்சத் தகுதிகளை விதித்தது; இச்சேவையை நடத்தும் ‘ஏஞ்சல் ஃபிளைட்’ என்னும் தொண்டு அமைப்பு இதை எதிர்த்தது எனக்கு வியப்பளிக்கிறது. மருத்துவர் நேரம் கொடுத்துவிட்டார், நோயாளி பையுடன் ஓடுபாதையருகே நிற்கிறார் என்னும் நிலையில், நல்ல மனம் படைத்த விமானிக்கே மறுப்பது மிகக் கடினம். எனவே, ஒவ்வொரு பயணத்துக்கும் மாற்றாக ஒரு காரையோ வழக்கமான விமானத்தில் இருக்கையையோ தொண்டு அமைப்பே முன்கூட்டி ஏற்பாடு செய்துவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்