ஆறாவது நரகத்தோடு எங்களைத் திருப்பி அனுப்பியது பற்றி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 'தமிழ் வழிகாட்டியுடன் பத்து நரகம்' சுற்றுலாவைப் பாதியில் முடித்தது

வணக்கம்.

போன சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு உங்கள் நிறுவனம் மூலமாக சிங்கப்பூர் ஹாவ் பார் வில்லாவுக்கு (சீன நரகக் காட்சிகளைச் சிலைகளாக வைத்திருக்கிற பூங்கா) போன ஏழு பேரில் நானும் ஒருத்தி. ஆளுக்கு 38 வெள்ளி, மொத்தம் 266 வெள்ளி. தமிழ் வழிகாட்டி, தொண்ணூறு நிமிடம், பாவத்துக்கு ஏற்ற தண்டனையைக் காட்டும் நரகத்தின் பத்து மன்றங்களும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். கிடைத்தது அரைகுறைத் தமிழ், ஐம்பது நிமிடம், ஆறு மன்றம். அந்த இடத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே வேலை செய்பவர்கள் என் அம்மாவுக்கு நாற்காலி கூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் புகார் உங்கள் மேல்தான்.

தமிழ் அரைகுறையாக இருந்ததைப் பெரிதுபடுத்தப் போவதில்லை. அந்தத் தம்பி சின்ன வயது, 'தண்டனை' என்ற சொல் வராமல் ஒவ்வொரு முறையும் 'பனிஷ்மென்ட் குடுப்பாங்க' என்றார், புரிந்தது, போகட்டும். புலித் தைலம் விற்றுப் பணக்காரரான ஆவ் பூன் ஹாவ் 1937இல் தன் தம்பிக்காக இந்த வீட்டைக் கட்டிய கதைக்கு வெளியிலேயே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார், அதையும் விடுங்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இதே மேட்டில் நின்று கடலில் போகும் கப்பல்களைக் கண்காணித்தார்கள் என்பதை அவர் சொல்லவே இல்லை. என் மகன்தான் சொன்னான். விவகாரம் அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டு நிலவரம் கொஞ்சம் தெரிந்தால்தான் உங்களுக்கு இது புரியும். என் அம்மாவின் பெரியப்பா ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மூன்று மாத வேலை, திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லி ஜப்பான்காரர்கள் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் ஏற்றினார்கள், அவ்வளவுதான், திரும்பவில்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு அவர்கள் போட்ட அந்தச் சயாம் மரண ரயில்பாதை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள். என் மாமனாரின் அப்பா நேதாஜியின் படையில் இருந்தவர். 1943 ஜூலையில் சிங்கப்பூர் பாடாங் திடலில் அணிவகுப்பு நடந்தபோது வரிசையில் நின்றவர். அந்த அணிவகுப்புக்கு மரியாதை வாங்க நேதாஜி பக்கத்தில் வந்து நின்றது யார் தெரியுமா, ஜப்பான் பிரதமர் டோஜோ. அதே ஜூலையில் சயாம் காட்டில் மழையிலும் காலராவிலும் தமிழ் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆக, ஒரு கல்யாணத்தால் ஒன்றான இந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் முப்பது வருடமாக டோஜோ உட்கார்ந்திருக்கிறார். தீபாவளிக்குக்கூட.

சரி, உள்ளே போனோம். இரண்டாவது மன்றத்தில் ஊழல் செய்தவனைப் பனிக்கட்டியில் உறைய வைத்திருக்கிறது. ஐந்தாவதில் அநியாய வட்டி வாங்கியவனைக் கத்தி மலையில் எறிகிறார்கள். ஆறாவதில் சாப்பாட்டை வீணாக்கியவனை ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்கள் (என் மகள் அன்றைக்கு மத்தியானம் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை, அதற்கு நன்றி). அம்மா ஒவ்வொரு பலகையாக என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தவர், ஆறாவதில் நின்று உங்கள் ஆளிடம் கேட்டார்: "தம்பி, வட்டிக்காரனுக்கு இருக்கு, சோத்தைக் கொட்டுனவனுக்கு இருக்கு. தூரத்துல உட்கார்ந்து ஒரு கையெழுத்துப் போட்டு லட்சம் பேரைக் காட்டுக்கு அனுப்பினவனுக்கு எந்த ரூம்?"

நியாயமான கேள்வி இல்லையா? அந்தப் பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களே இரண்டு லட்சத்துக்கு அருகில். அவர்களில் சுமார் தொண்ணூறாயிரம் பேர் செத்தார்கள் என்கிறார்கள். இந்த நரகமோ சில்லறைக் கடை மாதிரி இருக்கிறது, ஆளுக்கு ஒரு பாவம், பாவத்துக்கு ஒரு கருவி. மொத்த வியாபாரிக்கு இடமே இல்லை. நம் கருட புராணத்துக் கும்பிபாகமும் அப்படித்தான், கொப்பரை ஒரு ஆள் அளவுக்குத்தான்.

உங்கள் ஆள் பதில் சொல்வதற்குள் மாமா, அதாவது என் மாமனார், ஆரம்பித்துவிட்டார். "சம்பந்தியம்மா, அந்த ஆளைத்தான் 1948 டிசம்பர்லயே தூக்குல போட்டாச்சே. சாம்பலைக்கூட விட்டு வைக்காம பசிபிக் கடல்ல கரைச்சுட்டாங்க. இன்னும் என்ன செய்யணும்ங்கிறீங்க?" அதற்கு அம்மா, "உங்க அப்பா அவனுக்கு சல்யூட் அடிச்சவர், நீங்க அப்படித்தான் பேசுவீங்க சம்பந்தி." மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கப்பா சல்யூட் அடிச்சது நேதாஜிக்கு. பக்கத்துல அவன் நின்னான், அதுக்கு எங்கப்பா என்ன பண்ணுவார்?" முப்பது வருடத்தில் இந்த வாக்கியத்தை அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து என் மகன், 1978இல் டோக்கியோவில் போரில் செத்தவர்களை வணங்குகிற யாசுகுனி கோயிலில் டோஜோவையும் சேர்த்துத் தெய்வமாக வைத்துவிட்டார்கள் என்று எடுத்துக் கொடுத்தான். அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சாமியாக்கிட்டானுங்களா?" எங்கள் பெரிய தாத்தாவுக்கு இறந்த தேதி தெரியாததால் ஆடி அமாவாசைக்குத்தான் திதி கொடுக்கிறோம். அவருக்கு ஒரு கல் கூட எங்கும் இல்லை. தாய்லாந்தில் அந்த ரயில்பாதை போன காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன, நான் போய்ப் பார்த்திருக்கிறேன், புல் வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். தோட்டத்து ஆட்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருந்தோம். அப்புறம் அம்மா சொன்னார், எண்ணெய்க் கொப்பரையும் வேண்டாம், ரம்பமும் வேண்டாம், அவனை ஒரு மேசையில் உட்கார வைத்துப் பேரேடு எழுதச் சொல்லவேண்டும். செத்த ஒவ்வொரு ஆளும் வந்து பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர் சொல்லவேண்டும், அவன் தமிழில் எழுதவேண்டும், ழகரம் தப்பினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி. மாமா யோசித்துவிட்டு, "எழுதட்டும், ஆனா அவனுக்கும் அந்த லயத்துல போட்ட புழுத்த அரிசிக் கஞ்சிதான்" என்றார். முதல் முறையாக இருவரும் ஒரே கட்சி! நான் கைத்தொலைபேசியை எடுத்துப் பதிவு செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் ஆள் கையைத் தட்டி, "ஆன்டி, அங்கிள், நோ பாலிடிக்ஸ் ப்ளீஸ், அடுத்த குரூப் வெயிட்டிங்" என்று சொல்லி எங்களை மொத்தமாக வாசல் பக்கம் திருப்பிவிட்டார். ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் நடந்துகொண்டே பார்த்ததுதான். பரீட்சையில் காப்பி அடித்தால் குடலை உருவுவார்கள் என்பதை என் மகள் ஓடிக்கொண்டே படித்தாள். பத்தாவது பக்கம் போகவே இல்லை.

கிட்டத்தட்ட எண்பது வருடத்துக்கு முன்னால் செத்தவனைப் பற்றி, அதுவும் நரகத்துக்குள் நின்றுகொண்டு பேசுவது என்ன பாலிடிக்ஸ் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நரகத்தில் வைத்துப் பேசாமல் வேறு எங்கே வைத்துப் பேசுவது, எம்ஆர்டி ரயிலிலா? எம்ஆர்டியில்தான் பேசினோம். அங்கேதான் மகன் சொன்னான், பத்தாவது மன்றத்தில் ஒரு பாட்டி மறதித் தேநீர் கொடுப்பார், அதைக் குடித்தால் முன்ஜென்மம் எல்லாம் மறந்து அடுத்த பிறவிக்குப் போகலாம் என்று. கூடவே இன்னொன்றும் சொன்னான். சிறையில் டோஜோவுக்குப் பல்செட் செய்த அமெரிக்கப் பல் மருத்துவர், அவர் பிரதமராக இருந்தபோது ஜப்பான் தாக்கிய அமெரிக்கத் துறைமுகத்தை நினைத்து 'பேர்ல் ஹார்பரை மறக்காதே' என்று மோர்ஸ் குறிகளில் பல்லிலேயே பொறித்துவிட்டாராம், பாவம் அந்த ஆளுக்குத் தெரியாமலே கொஞ்ச நாள் மென்றுகொண்டிருந்திருக்கிறார். அம்மா சிரித்த சிரிப்பில் எதிர் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். பேரேடு முடிகிறவரை அவனுக்கு அந்தத் தேநீர் போகக்கூடாது, அந்தப் பாட்டியை நேரில் பார்த்துச் சொல்லவேண்டும் என்கிறார். சிலைதானே அம்மா என்றால், "சொல்லி வைக்கிறதுல என்ன?" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமையே உங்களுக்கு எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று இரண்டு வரியும், சீனர்களின் ஏழாம் மாதப் பேய்ச் சுற்றுலாவுக்கு ஐந்து வெள்ளி கழிவுச் சீட்டும் வந்தது. அது வேண்டாம். பார்க்காத நான்கு மன்றத்துக்கான பணத்தைக் கணக்குப் பார்த்தால் 106 வெள்ளி 40 காசு வருகிறது, அதைத் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் ஏழில் ஆரம்பித்துப் பத்து வரைக்கும் அவசரப்படுத்தாமல் இன்னொரு முறை கூட்டிப்போங்கள், அதே தம்பி வந்தாலும் பரவாயில்லை, பேசவிட்டால் போதும்.

அம்மாவுக்கு வியாழக்கிழமை கிளினிக், மாமாவுக்கு வெள்ளிக்கிழமை கோயில். சனிக்கிழமை காலை என்றால் இருவரும் சேர்ந்தே வருவார்கள். பத்தாவது மன்றத்தில் இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பத்தரை மணிச் சுற்றின் வாடிக்கையாளர்,
ஈசூன், சிங்கப்பூர்